இரட்டை டைனமோ

சைக்கிள் டைனமோவைப் போல நாணயமான பொருள் உலகத்தில் இன்னொன்று கிடையாது என்று பாக்கியநாதன் சொல்லுவார். யார் கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

பின்சக்கரத்தை ஒட்டி, சின்ன மருந்து பாட்டில் மாதிரி அது நின்றுகொண்டிருக்கும். விசையைத் தட்டினால் அதன் தலையில் இருக்கும் உருளை டயரின் விலாவில் போய் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றினால் உருளை சுற்றும். உருளையோடு சேர்ந்து உள்ளே ஒரு காந்தம் சுற்றும். காந்தத்தைச் சுற்றிலும் நூல்கண்டு போலச் செம்புக் கம்பி. காந்தம் சுழலச் சுழல அந்தக் கம்பியில் மின்சாரம் ஊறி, ஒரே ஒரு ஒயர் வழியாக முன்விளக்குக்குப் போகும். திரும்பி வருவதற்கு இன்னொரு ஒயர் வேண்டாமா? வேண்டும். அந்த வேலையைச் சைக்கிளின் இரும்பு உடம்பே செய்துவிடுகிறது. அதனால்தான் டைனமோவை மாட்டும்போது ஒரு கூர்த்திருகு பெயிண்டைக் கிழித்துக்கொண்டு போய் இரும்பைத் தொட வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேருடைய சைக்கிளில் விளக்கு எரியாததற்கு அந்தத் திருகுதான் காரணம். பெயிண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆட்கள் பல்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"கோளாறு ஓரிடத்துல இருக்கும், நாம இன்னோரிடத்தைப் பிடிச்சுத் திருகிட்டு இருப்போம்," என்பார் பாக்கியநாதன்.

அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீடு திருவானைக்காவலில். மனைவி லூர்துராணிக்கு ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்பதால் ஆற்றுக்கு நடுவிலிருக்கும் அந்தத் தீவுக்குள்ளேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். அவர் தினமும் காவேரிப் பாலத்தைக் கடந்து, சத்திரம், மெயின்கார்டு கேட், பாலக்கரை வழியாகப் பொன்மலைக்குப் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புவார். பஸ் பாஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கூட்டத்தில் நின்று இன்னொருவன் கக்கத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு போவதற்கு இரண்டு கால் எதற்கு என்று கேட்பார். வருஷத்துக்கு ஒரு முறை மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கும் சைக்கிள்தான். ஹேண்டில்பாரில் காவிக்கொடி கட்டிக்கொண்டு பொன்மலையிலிருந்து ஒரு கூட்டமே விடிகாலையில் கிளம்பும்.

இந்த எல்லாப் பயணத்திலும் கூட வந்தவர் ஹனீஃபா. அதே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். குடியிருந்தது மாம்பழச்சாலையில். பாலத்தைத் தாண்டினதும் வரும் முக்கு அது. வேளாங்கண்ணிக்குக்கூட அவர் வருவார். நாகப்பட்டினம் வரை ஒன்றாகப் போய், அங்கே பாக்கியநாதன் தெற்கே மாதா கோவிலுக்கும் ஹனீஃபா வடக்கே நாகூர் தர்காவுக்கும் பிரிவார்கள். மறுநாள் அதே இடத்தில் சந்தித்துத் திரும்புவார்கள். "உங்க அம்மாகிட்ட எனக்கும் சேர்த்துக் கேட்டியா?" என்பார் ஹனீஃபா. "கேட்டேன் பாய். உனக்குப் பொண்ணு போதும்னுட்டாங்க," என்பார் பாக்கியநாதன். ஹனீஃபாவுக்கு மூன்று பெண்கள். பாக்கியநாதனுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்கத்தான் அவர் வருஷா வருஷம் பெடலை மிதித்தார்.

இருவரும் சாலையில் போகும்போது ஹனீஃபா எப்போதும் வலதுபக்கம், அரைச் சக்கரம் முன்னால். சாயங்காலம் திரும்பும்போது அவருடைய வாய் ஓயாது. சாலையில் எது எதிர்ப்பட்டாலும் அதைத் திட்டுவார்.

"ஏ எருமை! ரோட்டை உங்கப்பன் உனக்குச் சீதனமாக் கொடுத்தானா, நடுவுல நிக்கிறே?"

"எவன்டா இது, இடது பக்கம் மலை மாதிரி ஜல்லியைக் கொட்டி வச்சிருக்கான்?"

"அந்தா நிக்கிறான் பாரு ரிக்‌ஷாக்காரன். ஹைதர் காலத்து வண்டி, லைட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"வாய் வலிக்கலையா பாய்?"

"வாய்க்கு என்ன வலி பாக்கியம்? உன் டைனமோ மாதிரிதான். ஓட ஓட வருது."

காலையில் இதே மனிதர் வாயைத் திறக்கமாட்டார். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தூக்கம் கலையவில்லை போலிருக்கிறது என்று பாக்கியநாதன் நினைத்துக்கொள்வார்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஹனீஃபாவின் மச்சான் நிஜாமுதீன் தோகாவிலிருந்து விசா அனுப்பினார். மூன்று பெண்களைக் கரையேற்றப் பொன்மலைச் சம்பளம் காணாது. ஹனீஃபா வேலையை விட்டார். கடைசி நாள் சாயங்காலம் மாம்பழச்சாலை முக்கில் இருவரும் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றார்கள்.

"இருட்டிருச்சுன்னா பஸ்ல போயிடு பாக்கியம்," என்றார் ஹனீஃபா.

"எதுக்கு?"

"சும்மா சொன்னேன். தனியாப் போவியே."

"தனியாப் போனா என்ன, ரோடு ஓடிப்போயிடுமா?"

ஹனீஃபா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு அவருடைய முன்விளக்கைத் துடைப்பது போல் ஒரு முறை தடவினார். "இன்ஷா அல்லாஹ், ரெண்டு வருஷத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் பார்த்துப் போ," என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் திரும்பினார்.

ஹனீஃபா போன பிறகுதான் பாலம் இருட்டாக இருப்பது பாக்கியநாதனுக்குத் தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. சங்கு ஊதி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்து, பாலக்கரையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுச் சத்திரத்தைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை கடைகளின் டியூப்லைட் வெளிச்சம் தாங்கிக்கொள்ளும். மாம்பழச்சாலைக்கு அந்தப் பக்கம் வீடு வரைக்கும் அப்படித்தான். நடுவில் பாலம் மட்டும்தான் வெட்டவெளி. அங்கே ஏறினால், யாரோ தலைமேல் சாக்கைக் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. விளக்குக் கம்பங்கள் தனித்தனிப் பொட்டுகளாகத் தெரிந்தன. இடையில் ஒன்றுமில்லை.

அவர் ஃபிட்டர். ஒன்று குறைந்தால், எது குறைந்தது என்று பார்ப்பதுதான் அவருடைய தொழில். நேற்று வரை பாலத்தில் இரண்டு சைக்கிள் போயின, இரண்டு விளக்கு எரிந்தது. இன்று ஒரு சைக்கிள், ஒரு விளக்கு. கணக்கு நேராகத்தான் இருந்தது. ஹனீஃபாவின் வெளிச்சம் குறைகிறது.

ஆகவே வெளிச்சத்தைக் கூட்டத் தொடங்கினார்.

முதலில் அந்தக் கூர்த்திருகைக் கழற்றி, சுரண்டி, மறுபடி முறுக்கினார். பிறகு சைக்கிளின் இரும்பு உடம்பை நம்பாமல், திரும்பி வருவதற்கென்று தனியாக ஒரு செம்பு ஒயரே இழுத்தார். விளக்கின் உள்கிண்ணத்தைச் சாக்பீஸ் தூளைத் தொட்டு, கிழிந்த பனியன் துணியால் கண்ணாடி மாதிரி மெருகேற்றினார். வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. பாலம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் ஓரமாக நின்ற தள்ளுவண்டியில் மோதினார். இன்னொரு நாள் மாம்பழச்சாலை இறக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஈர டயரில் உருளை வழுக்கிவிட்டது, மின்சாரம் குறைந்துவிட்டது. மேடேறும்போது வேகம் இல்லை, வேகம் இல்லாவிட்டால் டைனமோ என்ன செய்யும்? இதுதான் டைனமோவில் உள்ள ஒரே சங்கடம். வழி தெரியவில்லை என்று மெதுவாகப் போனால் விளக்கும் மங்கும். நன்றாகத் தெரியவேண்டுமென்றால் தெரியாத இருட்டுக்குள் வேகமாகப் போகவேண்டும். பாக்கியநாதன் வேகமாகப் போனார்.

"முழங்கால்ல என்ன ரத்தம்?" என்று கேட்டாள் லூர்துராணி.

"செயின் கவர் கிழிச்சிடுச்சு."

"முந்தாநேத்து நெத்தியையும் செயின் கவர்தான் கிழிச்சுதா?"

அவர் நடைக்குள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, குனிந்து உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேக்குதுங்க, டீச்சர் உங்க சார் தினம் யார்கூட சண்டை போடறாருன்னு."

"சொல்லு, சர்க்கஸ்ல சேர்ந்துட்டாருன்னு."

அவள் சிரிக்கவில்லை. காபியை அவருடைய வலதுபக்கம் தரையில் வைத்துவிட்டுப் போனாள். எழுந்திருக்கும்போது அவர் கால் பட்டு டம்ளர் உருண்டது. "இதை ஏன் இங்க வைக்கிறே?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அடுத்ததாக இரண்டாவது டைனமோ. சக்கரத்தின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. ஹேண்டில்பாரில் இரண்டு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர். இரண்டு உருளையும் டயரை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டால் பெடல் கல்லுரல் மாதிரி கனக்கும். அவர் பல்லைக் கடித்து மிதித்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் அதைப் பார்த்த அற்புதசாமி கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். அவருடைய செக்‌ஷனிலேயே வேலை செய்பவன்.

"யோவ் பாக்கியம், இது சைக்கிளா, மெட்ராஸ் மெயிலா? சிக்னல் கேட்டு நிப்பாங்கய்யா உனக்கு."

"பாலத்துல இருட்டுப்பா."

"எந்தப் பாலத்துல? நானும் அந்த வழியாத்தானே என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கம்பத்துக்குக் கம்பம் லைட்டு எரியுது." அற்புதசாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "உனக்கு மாலைக்கண்ணா இருக்கும்யா. ஆட்டு ஈரல் வாங்கித் தின்னு. இல்லேன்னா முருங்கைக்கீரை. எங்க மாமியாருக்கு அதுலதான் சரியாச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியநாதனுக்குக் கோபம் வந்தது. நேராக உள்ளே போய் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்தார். இரும்புத் துண்டின் கனத்தை மயிரிழை சுத்தமாக அளக்கும் கருவி அது. அதில் இருக்கும் கோடுகளைப் படிப்பதற்குள் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கி, கையை நீட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் படாதபாடு படுவார்கள். அவர் ஒரே பார்வையில் அளவைப் படித்தார். அற்புதசாமியிடம் நீட்டினார். அவனுக்கு அந்தக் கோடே சரியாகப் பிடிபடவில்லை.

"யாருக்குய்யா கண்ணு போச்சு?" என்றார்.

"சரிப்பா, சாமி, ஒத்துக்கறேன். எனக்குத்தான் மாலைக்கண்ணு. நான் போய் ஈரல் தின்னுக்கறேன்," என்று கும்பிட்டான் அற்புதசாமி. கூட்டம் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது. அவர் கண்ணில் கோளாறில்லை என்பது எல்லோர் முன்னிலையிலும் நிரூபணமாகிவிட்டது. அவருக்கும்தான்.

ஆனாலும் அன்று சாயங்காலம் வழியில் கறிக்கடையில் சைக்கிளை நிறுத்தி ஈரல் வாங்கினார். லூர்துராணி என்ன இன்றைக்கு என்று கேட்டதற்கு, ஆசையாக இருந்தது என்றார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். மழை விட்டிருந்தது. பாலத்தையொட்டிய பகுதியில் கரண்ட் கட். விளக்குக் கம்பங்களின் பொட்டுகளும் இல்லை. காவேரியில் தண்ணீர் போகும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. பாக்கியநாதன் இரண்டு டைனமோவையும் தட்டிவிட்டு எழுந்து நின்று மிதித்தார். இரண்டு விளக்கும் சேர்ந்து சாலையில் ஒரு வெள்ளைப் பாயை விரித்தன. அந்தப் பாயின் நடுப்பகுதி அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தார், அதில் மழைத்தண்ணீர், ஒரு வாழைப்பழத் தோல். இப்போது சரியாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஹனீஃபா கிளம்பிப் போனதிலிருந்து முதல் முறையாக அவருக்குள் ஏதோ இளகி, லேசாகச் சீட்டிகூட அடித்தார்.

ஹேண்டில்பாரின் வலது முனை எதிலோ மெத்தென்று இடித்தது. சைக்கிள் வளைந்து, அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் விழுந்தார். விளக்குகள் அணைந்தன. இருட்டில் ஒரு கூடை உருண்டுபோகும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல், "அய்யோ அம்மா, என் இடுப்பு..."

பூ விற்கும் இருளாயி அவள். காலையில் ஸ்ரீரங்கத்தில் பூ எடுத்து, திருச்சியில் விற்றுவிட்டு, வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தவள். பாலத்துச் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்திருக்கிறாள். எதிரே சைக்கிள் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று திருச்சியில் நடக்கிற எல்லோருக்கும் தெரியும். முன்னேயும் ஓடக்கூடாது, பின்னேயும் ஓடக்கூடாது. இருந்த இடத்தில் அசையாமல் நின்றுவிட வேண்டும். சைக்கிள்காரன் சுற்றிக்கொண்டு போவான். இருளாயி நின்றாள்.

வந்துகொண்டிருந்த ஒரு ஜட்கா வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாக்கியநாதன் வண்டியில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கடைத்தெரு வெளிச்சம் வந்ததும்தான் அவள் முகம் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அந்த ரெட்டை லைட்டுக்காரரு?"

"ஆமாம்மா."

"பாலத்து அந்தக் கோடியிலேர்ந்தே பார்த்தேன் சாமி. கல்யாண ஊர்வலம்தான் வருதோன்னு நெனச்சேன். இம்மாம் வெளிச்சம் வச்சிருக்கறவருக்கு நான் தெரியாமலா போயிருவேன்னு நின்னுட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "லைட்டு இல்லாத சைக்கிளா இருந்தா நானே ஒதுங்கியிருப்பேன்."

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"குடிச்சிருந்தீங்களா சாமி?"

அவள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இல்லம்மா," என்றார். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கூடைச் சுமை இனி ஆகாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். லூர்துராணி மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். வந்தவுடன் புருஷனிடம், "நாளைக்கு லீவு போடுங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள். அவர் வெர்னியரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "போறோம்," என்றாள் மறுபடியும்.

கண் டாக்டர் சின்ன வயசுக்காரர். சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டினார். பாக்கியநாதன் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டர் அவருக்கு நேரே உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க. பேனாவைப் பக்கத்துலேர்ந்து கொண்டு வருவேன். தெரிஞ்சதும் சொல்லுங்க," என்றார்.

பாக்கியநாதன் மூக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். "எடுத்துட்டு வாங்க சார்," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்குக்குப் பக்கத்திலேயே காற்றிலிருந்து முளைத்த மாதிரி பேனா வந்து நின்றது. "இப்பத் தெரியுது," என்றார். வலதுபக்கம் அப்படி. இடதுபக்கமும் அப்படி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த லூர்துராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பேனா எவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வந்தது என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து ஊற்றி, இருட்டறையில் உள்ளே பார்த்த பிறகு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குப் பின்சுவரில் திரை மாதிரி ஒரு சவ்வு. வெளிச்சத்தை வாங்கிக்கொள்வது அதுதான். அதில் நடுவில் இருப்பவை பகல் வெளிச்சத்துக்கும் பொடி எழுத்துக்கும் ஆனவை. சுற்றிலும் இருப்பவை மங்கல் வெளிச்சத்துக்கும் பக்கப் பார்வைக்கும் ஆனவை. உங்களுக்கு ஓரத்திலிருந்து அது கருகிக்கொண்டு வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பது போல் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு பொருளின் கோளாறை யாரும் பாக்கியநாதனுக்கு விளக்கியதில்லை. படத்தைப் பார்த்தவுடனே முழுசும் பிடிபட்டுவிட்டது. வாங்கிக்கொள்கிற இடம் கருகிப்போன பிறகு எத்தனை டைனமோ மாட்டினால் என்ன?

"மாலைக்கண்ணுதானே சார்? ஈரல் சாப்பிடறேன்."

"அது வேற. சத்துக் குறைவுல வர்றது ஈரலுக்குக் கேக்கும். இது பொறப்புலயே வர்றது."

"அந்தச் சவ்வை மட்டும் மாத்த முடியாதா?"

"முடியாதுங்க."

"நடுவுல இருக்கறது நிக்குமா?"

டாக்டர் காகிதத்தை மடித்தார். "கொஞ்ச வருஷம் நிக்கும். சைக்கிளை இன்னியோட விட்டுடுங்க. பகல்லயும் ஓட்டாதீங்க. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது சாயங்காலம் தடுமாற்றம் இருந்துதா?"

பாக்கியநாதனுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. பாலக்கரையில் தையல்காரர். விளக்கு வைத்த பிறகு சுவரைத் தடவிக்கொண்டு, சாக்கடையில் கால் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். தெரு முழுக்க அவரைக் குடிகாரர் என்றது. அவர் வாயில் வாடை இருந்ததேயில்லை. பெற்ற பிள்ளைகூட அதை யோசித்ததில்லை. எதிரே அப்பா வந்தால் சிறுவன் பாக்கியநாதன் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவான். உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஒரு சாயங்காலம் விழுந்து அவர் செத்தபோது, குடித்துச் செத்தார் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

"எங்க அப்பாவுக்கு இருந்துது," என்றார்.

"பிள்ளைங்க இருக்காங்களா? இருந்தா கூட்டிட்டு வாங்க, பார்த்துடலாம்."

"இல்லைங்க," என்றாள் லூர்துராணி.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அவர் சொன்னார், "நல்லவேளை ராணி." அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எத்தனை வருஷம் காவிக்கொடி கட்டி, தஞ்சாவூர் வெயிலில் பெடலை மிதித்துப் போய் அவர் கேட்ட ஒன்று. அது கிடைக்காமல் போனதற்கு இப்போது நன்றி சொல்கிறார். அவள் அவர் கையைப் பிடித்தாள். சாலையைக் கடப்பதற்காகத்தான் பிடித்தாள் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார்கள். பாலம் வந்தபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பாக்கியநாதன் வெளியே பார்த்தார். பொன்மலை ஷிப்டு விட்டு வருகிற சைக்கிள்கள். பக்கவாட்டில் அவை வருவதும் போவதும் தெரியாமல், அவர் பார்வையின் நடுவில் மட்டும் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. அப்போதுதான் அது அவருக்குத் தோன்றியது. எருமை, ஜல்லி, ரிக்‌ஷா. சாயங்காலம் மட்டும் பேச்சு. காலையில் ஒரு வார்த்தை கிடையாது. ஹனீஃபாவுக்குத் தூக்கக் கலக்கம் இருந்ததேயில்லை. அந்த மனிதர் தொண்டை வற்ற வற்ற, வருஷக்கணக்காக, இவருக்குச் சாலையைப் படித்துக் காட்டியிருக்கிறார். சொன்னால் இவர் வெர்னியரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார் என்று தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"ராணி, பாய்க்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துது," என்றாள் அவள். "கேட்டா எம்மேல விழுவீங்கன்னு இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள். அவர் நடையில் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அதைப் பாலத்திலிருந்து யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். ஒரு விளக்கு நசுங்கியிருந்தது. இன்னொன்று நன்றாக இருந்தது. அதைக் கழற்றி அற்புதசாமிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தவர், கழற்றுவதற்கு முன் வழக்கம்போல ஒரு முறை சோதித்துப் பார்த்தார். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றதால் பின்சக்கரம் தரையில் படவில்லை. டைனமோவைத் தட்டிவிட்டு, கையால் பெடலைச் சுற்றினார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வட்டமாகப் பூத்தது. மாதா படத்துக் காலண்டர், அதன் மேல் ஒரு பல்லி. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

இன்னும் வேகமாகச் சுற்றினார். வட்டம் வெள்ளையாகியது. சுற்றிக்கொண்டே இருந்தார். கை வலித்தபோதுதான் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினார். லூர்துராணி அவருடைய வலது தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கையில் காபி.

"எப்ப வந்தே?"

"நீங்க சுத்த ஆரம்பிச்சதுலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்."

அவர் பெடலிலிருந்து கையை எடுத்தார். சைக்கிள் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. பெடல் நின்றாலும் அது உடனே நிற்காது. பின் அச்சில் இருக்கும் பற்கள் டிக்டிக்கென்று வழுக்கிக் கொடுக்க, தன் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஓடும். டைனமோவும் கூட ஓடும். சுவரில் வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, மஞ்சள் செம்மண் நிறமாகி, காலண்டர் மங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிக்டிக் சத்தம் மெதுவானது.

"அணைஞ்சிடுச்சு," என்றார் பாக்கியநாதன்.

லூர்துராணி காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க," என்றாள். "இன்னும் எரியுது."